லீற்றரில் அளக்காத டீசல்

கொழும்பில் திறக்கப்போகும் பெரிய தரவு மையத்தின் மின்பகுதிக்கு நீங்கள் தெரிவாகியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். அங்கே மின்பிறப்பாக்கிகள் பாரவூர்திகள் போல வரிசையில் நிற்குமாம். மின்கலங்கள் வைக்கும் அறை மட்டுமே நான் ஓய்வுபெற்ற கட்டடத்தின் அரைவாசிக்கு வருமாம். அவற்றை எப்படி இயக்குவது, எப்போது எண்ணெய் மாற்றுவது என்பதையெல்லாம் கைநூல்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். கைநூலில் இல்லாத எதையாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நான் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். வளைகுடாவில் இதைவிடப் பெரிய கட்டடங்களில், இதைவிட நீண்ட மின்தடைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்தத் தொழிலில் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

நான் பொறுப்பாக இருந்த மையம் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், புளியங்கூடலுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில், கடலுக்குக் கிட்ட இருந்தது. தீவிலிருந்து போய் வெளிநாடுகளில் நன்றாக இருக்கும் சிலர் சேர்ந்து கட்டியது. வடக்கின் பல மருத்துவமனைகளுடைய நோயாளர் பதிவுகளும், வெளிநாட்டிலிருந்து குடும்பங்களுக்கு வரும் பணத்தைக் கையாளும் கணினிகளும் அந்த மண்டபத்தில் இருந்தன. ஊரில் யாருக்கும் இது தெரியாது. உள்ளே போய் வந்த மேசன் ஒருவர் "பயங்கரக் குளிர்" என்று சொன்னதில் கட்டடத்துக்கு "ஐஸ் கொம்பனி" என்று பெயர் வந்துவிட்டது. மீன் வியாபாரிகள் சிலர் உண்மையாகவே ஐஸ் வாங்க வந்தார்கள். இல்லை என்றதும், "ஐஸ் இல்லாத ஐஸ் கொம்பனியை இஞ்சைதான் பாத்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தக் குளிருக்கு ஒரு காரணம் இருந்தது. முறைவேலைக்கு இருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் கடற்றொழிற் குடும்பங்களில் பிறந்தவர்கள். மீனுக்கு ஐஸ் கூடப்போட்டால் கூடநாள் இருக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கணினிகளையும் அப்படியே பார்த்தார்கள். ஒருவர் மண்டபத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி இறக்குவார். அடுத்த முறைக்கு வருபவர் தன் பங்குக்கு இன்னொரு டிகிரி இறக்குவார். இருபத்துமூன்றில் தொடங்கிய மண்டபம் பதினெட்டுக்கு வந்து நின்றிருந்தது. இதில் முன்னணியில் நின்றவர் ஜெனிற்றா. ஊர்காவற்றுறைப் பிள்ளை, குளிரூட்டலுக்குப் பொறுப்பான பொறியியலாளர், நல்ல கெட்டிக்காரி. அவருடைய தகப்பனுக்குக் கரையில் மீன்வாடி, மீன் சேர்த்துவைக்கும் தகரக் கொட்டகை, இருந்தது. "பழுதாப் போகாதெல்லோ சேர்" என்பார். கணினி மீன் அல்ல, அது அழுகாது என்று நான் சொல்வேன். சிரிப்பார். அடுத்த நாள் பார்த்தால் அதே பதினெட்டு.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்ற வருடம், வைகாசி விசாகம் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை. புதன்கிழமை என்று இன்றைக்கும் வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதன்கிழமை பின்னேரம் மீன்பிடி வள்ளம் ஒன்று கடலுக்குப் போனது. வியாழக்கிழமை காலையில் அது திரும்பவில்லை. நான் சொல்லப்போவது வெள்ளிக்கிழமை நடந்தது. ஒரு சம்பவத்தை நினைவில் வைத்திருந்தால் போதாது, அதன் நாளையும் சரியாக வைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இந்தத் தொழிலுக்கு அது கெட்ட பழக்கம் அல்ல.

வள்ளத்தில் இருந்தவர்கள் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் மரியதாஸ், இளையவர் யூட். அனலைதீவுக்கு மேற்கே வலை போடப் போனவர்கள். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசத் தொடங்கியிருந்தது. இயந்திரம் நின்றுவிட்டால் அந்தக் காற்று வள்ளத்தை வடகிழக்கே தள்ளும். எழுவைதீவைத் தாண்டி, காரைநகருக்கு வெளியே, ஆழக்கடலுக்குப் போய்விடும். வியாழக்கிழமை இரண்டு வள்ளங்கள் தேடிப்போய், கையிலிருந்த டீசலை முடித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பின. கடற்படைக்கும் அறிவித்திருந்தார்கள். காணாமற்போனவர்களிடம் ஒரு நாளுக்கான தண்ணீர்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தேவாலய மணி அடித்தது. பூசைக்கு அடிக்கும் மணி அல்ல, இடைவிடாமல் அடிக்கும் மணி. எங்கள் பக்கத்துக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் ஒன்று காணாமற்போய் மணி அடித்தால் அன்றைக்கு ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. எல்லா வள்ளமும் தேடப்போகும். அதற்கான எண்ணெயை ஒவ்வொரு வீடும் கொடுக்கும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பேசுவதும் இல்லை, திருப்பிக் கேட்பதும் இல்லை. ஆனால் அந்த வருடம் எந்த வீட்டிலும் எண்ணெய் இருக்கவில்லை. சோடாப் போத்தலிலும் பால்மா ரின்னிலும் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டு வள்ளத்துக்குத்தான் வந்தது. கரையில் பத்துக்கு மேற்பட்ட வள்ளங்கள் நின்றன.

அந்த நேரத்தில் எங்கள் மையமும் தன் டீசலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் போன மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன டீசல் பவுசர் வருமா என்பதும் நிச்சயமில்லை. எங்களுக்கு ஒரு விதி இருந்தது. வெளியிலிருந்து ஒரு துளியும் வராவிட்டாலும் இன்னும் நாற்பத்தெட்டு மணித்தியாலம் ஓடக்கூடிய எரிபொருள் எப்போதும் தாங்கியில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டறையில் பெரிய எழுத்தில் தெரியும் எண் அதுதான். அதே எண் கொழும்பு அலுவலகத்திலும் தெரியும். அன்று காலையில் அது நாற்பத்தெட்டைச் சற்றுத் தாண்டி நின்றது. அதாவது எங்களிடமும் மிச்சம் இல்லை.

காவலாளி வந்து, "சேர், படலையிலை ஆக்கள் வந்து நிக்கினம். கானோடை வந்திருக்கினம்" என்றார்.

போனேன். பத்துப் பதினைந்து பேர் வெறும் கான்களோடு நின்றார்கள். முன்னால் நின்றவர் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. அவருக்குப் பக்கத்தில் யூட்டின் மனைவி ஸ்ரெல்லா.

"தம்பி, மணி கேட்டதுதானே?" என்றார் அந்தோனிப்பிள்ளை அண்ணை.

"கேட்டது அண்ணை."

"அப்ப நான் கதைக்கத் தேவையில்லை. உங்கடை தாங்கியிலை டீசல் கிடக்கு."

"அது என்ரை டீசல் இல்லை அண்ணை."

"எங்கடை வீட்டிலை கிடந்ததும் எங்கடை இல்லை. வள்ளத்தின்ரை. அதைத்தான் சோடாப் போத்தலிலை ஊத்திக் குடுத்திட்டு வந்து நிக்கிறம். மணி அடிச்சால் வீடெல்லாம் குடுக்கும். நீங்கள் ஊருக்கை ஒரு கட்டடம் கட்டி வைச்சிருக்கிறியள். அது வீடோ, இல்லையோ? சொல்லும்."

பின்னால் நின்ற ஒருவர், "உவையிட்டை என்னத்துக்கு அண்ணை கேக்கிறியள். ஐஸ் கேட்டும் தராதவை" என்றார். சிலர் சிரித்தார்கள். ஸ்ரெல்லா சிரிக்கவில்லை.

"ஐயா, உங்கடை மிசினுக்கு மூச்சு நிண்டிடும் எண்டு தாங்கி நிறைய வைச்சிருக்கிறியள். அங்கை ரெண்டு பேர் தண்ணியில்லாமல் கிடக்கினம்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடனே ஓம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் ஊரில் பெரிய மனிதன். ஞாயிறு பவுசர் வராமல், மண்டபம் இருண்டு, எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு வைத்தியர் நோயாளிக்கு ஒவ்வாத மருந்து எதுவென்று பார்க்க முடியாமல் நின்றால், அந்த ஓம் எவ்வளவு பெரிய தவறு என்று அந்த நோயாளிக்குக்கூடத் தெரியவராது. ஏலாது என்று சொல்லியிருந்தால் விதிப்படி நான் சரி. அந்த இருவரும் கடலில். கண் முன்னால் நிற்கும் ஆபத்தும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் ஒரே நேரத்தில் வந்தால், முன்னால் நிற்பதுதான் எப்போதும் பெரிதாகத் தெரியும். அதைப் பெரிதாகப் பார்ப்பதில் பிழையில்லை. மற்றதை மறப்பதுதான் பிழை.

"அண்ணை, எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்கோ. ஏலும் எண்டாலும் ஏலாது எண்டாலும் நானே வந்து சொல்லுறன்" என்றேன்.

"ஒரு மணித்தியாலத்திலை காத்து எவ்வளவு தூரம் தள்ளும், தெரியுமோ?"

"தெரியும் அண்ணை."

உள்ளே வந்து கதிரையில் இருந்தேன். வளைகுடாவில் எனக்கு மேலே இருந்த ஒருவர், மின்சாரம் போனதும் எழும்பி ஓடுகிறவனைத் தன் பகுதியில் வைத்திருக்க மாட்டார். முதலில் இரு, பிறகு யோசி, பிறகு எழும்பு என்பார். அவரோடு பல விடயங்களில் எனக்கு ஒத்துப்போகவில்லை. இதில் ஒத்துப்போனேன்.

ஜெனிற்றா என் முன்னால் நின்றார். முகம் வெளிறியிருந்தது. யூட் அவருடன் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

"சேர், கொஞ்சம் குடுத்தால் ஆருக்கும் தெரியாது. தாங்கி மானியிலை பிழையெண்டு சொல்லலாம்."

"பொய் சொல்லிக் குடுத்தால் ஒருக்காத்தான் குடுக்கலாம் பிள்ளை. பிறகு அந்த இலக்கத்தை நானே நம்பேலாது, நீரும் நம்பேலாது."

"அப்ப என்ன செய்யிறது? நாப்பத்தெட்டு மணித்தியாலம் எண்டால் நாப்பத்தெட்டுத்தானே."

திரையில் நின்ற அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாங்கியில் எத்தனை லீற்றர் கிடக்கிறது என்று அது சொல்லவில்லை. நாங்கள் இப்போது எரிக்கும் வேகத்தில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொன்னது. விதியும் லீற்றரைக் கேட்கவில்லை, நேரத்தையே கேட்டது. வேகத்தைக் குறைத்தால் அதே நாற்பத்தெட்டுக்குக் குறைந்த டீசல் போதும். மீதி, எந்த விதியையும் மீறாமல், படலையில் நின்றவர்களுடையது.

"ஜெனிற்றா, இந்தக் கட்டடம் தேவையில்லாமல் எதைத் தின்னுது? கெதியாச் சொல்லும்."

அவர் மேலே பார்த்தார். பிறகு குளிரூட்டியின் திரையைப் பார்த்தார். பதினெட்டு.

மின்சிக்கனம் என்றால் மாதக் கட்டணத்தைக் குறைப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கூட்டங்களில் கடைசியாகப் பேசப்படும் விடயம் அது. பெரும்பாலும் தேநீர் வந்த பிறகு. அந்த வெள்ளிக்கிழமை வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான் பேசி வந்தேன். ஆனால் வெளி மின்சாரம் இல்லாத கட்டடத்தில் மிச்சம்பிடித்த ஒவ்வொரு அலகும் தாங்கிக்குள் ஊற்றிய எண்ணெய். பழைய காலத்தில் ஊர்காவற்றுறையில் கட்டிய பாய்க்கப்பல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். தூரக்கடலுக்குப் போகிற கப்பலில் தண்ணீர்ப் பீப்பாயைப் பெரிதாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்குப் பிறகு குடிக்கும் அளவைத்தான் பார்க்க வேண்டும்.

கொழும்பு முகாமையாளருக்கு அழைப்பு எடுத்து, வள்ளங்களுக்கு டீசல் கொடுக்க நினைப்பதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு மேலே ஐந்து பேர்.

"ரீடிங் நாற்பத்தெட்டுக்குக் கீழ போகக் கூடாது. போச்சுன்னா எல்லாக் கஸ்டமருக்கும் அறிவிக்கணும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

"போகாது. நாங்கள் குறைவா எரிக்கப் போறம். ரெண்டு ஜெனரேற்றரும் அரைவயிறாத்தான் ஓடுது. ஒண்டை நிப்பாட்டிறன்."

"ஒண்ணுலயா? அது நின்னா?"

"மற்றது உடனை எழும்பும். அது எழும்பும் மட்டும் பற்றறி தாங்கும். போன கிழமைதான் சோதிச்சனாங்கள்."

"பொறுப்பு யார் எடுக்கிறது?"

"நான்."

"இதை நான் எழுத்துல தர மாட்டேன்."

"வேண்டாம் எண்டு எழுத்திலை தருவியளோ?"

"ரீடிங் கீழ போகாத வரைக்கும் நான் ஒண்ணும் கேட்க மாட்டேன். பார்த்துச் செய்ங்க" என்றார். இன்றைக்கும் அந்த மனிதரை மதிக்கிறேன். ஓம் என்று சொல்ல அதிகாரம் இல்லாதவர் சொல்லக்கூடிய மிக நல்ல பதில் அது.

வேலையைத் தொடங்கினோம். விபரங்களைத் தவிர்க்கிறேன், உங்களுக்குத் தெரிந்தவைதான். குறைந்த சுமையில் ஓடிய யூ.பி.எஸ் தொகுதிகளில் பாதியைத் தயார்நிலையில் நிறுத்தினோம். வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். கணினி அடுக்குகளில் வெறுமையாகக் கிடந்த இடைவெளிகளால் குளிர்காற்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அவற்றை அடைக்கும் தகடுகள், கட்டடம் திறந்த நாளிலிருந்து பெட்டி உடைக்கப்படாமல் களஞ்சிய அறையில் கிடந்தன. இருந்த எல்லோரும் ஆளுக்கொரு அடுக்காக நின்று பூட்டினோம்.

நடுவில் ஜெனிற்றா, "சேர், கடல் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவமே? சோளகம் நல்லா வீசுது. குளிரூட்டியே தேவையில்லை" என்றார்.

"திறந்தால் இண்டைக்கு மிச்சம். ஆறு மாதத்திலை உப்பு எல்லாத் தொடுப்பையும் தின்னும். உம்மடை அப்பாவின்ரை வாடித் தகரம் எத்தினை வருசம் நிண்டது?"

"அது சரி" என்று தகட்டைப் பூட்டப் போனார். அவசரத்தில் வரும் நல்ல யோசனைகளில் சில, நாளையிலிருந்து கடன் வாங்கி இன்றைக்குக் கொடுப்பவை. அவற்றை அடையாளம் காணப் பழகுங்கள்.

இருபத்தொன்று. இருபத்திரண்டு. அந்த நேரத்தில் ஓர் அடுக்கில் அபாயமணி எழுந்தது. பழைய கணினிகள் சில சூடாகிக்கொண்டிருந்தன. ஜெனிற்றாவின் கை வெப்பநிலையைத் திரும்ப இறக்கப் போனது. பொறும் என்றேன். அந்த அடுக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். கேபிள் கட்டு ஒன்று காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டு தொங்கியது. பதினெட்டு டிகிரிக் குளிர் இத்தனை காலம் அந்தக் கோளாறை மூடிவைத்திருந்தது. கட்டை ஒதுக்கியதும் சூடு இறங்கியது. ஒரு மண்டபம் அளவுக்கு மிஞ்சிக் குளிராக இருக்கிறது என்றால், எங்கோ ஒரு பிழையை யாரும் பார்க்காமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

இருபத்துநான்கில் நிறுத்தினேன். இன்னும் ஏற்றலாம் என்றார் ஜெனிற்றா. ஏற்றலாம்தான். ஆனால் எங்களிடம் இருந்தவை போன்ற கணினிகளில் அதற்கு மேலே போனால் அவற்றின் சொந்த விசிறிகள் வேகமாகச் சுழன்று, நாங்கள் மிச்சம்பிடித்ததைத் தின்னத் தொடங்கிவிடும். மிச்சம்பிடிப்பதிலும் பேராசை உண்டு.

கடைசியாக, இரண்டாவது மின்பிறப்பாக்கி. சுமையை மற்றதற்கு மாற்றிவிட்டு அதை நிறுத்தினோம். தனியாக ஓடிய இயந்திரத்தின் சத்தம் ஒருமுறை கனத்தது, பிறகு நிதானமாயிற்று. பாரம் ஏற்றிய பிறகுதான் நல்ல மாடு சீராக நடக்கும். இயந்திரமும் அப்படித்தான்.

இனிக் காத்திருக்க வேண்டியிருந்தது. தாங்கியின் எண் உடனே ஏறாது. கடந்துபோன நேரத்தின் சராசரியைப் பார்த்துத்தான் அது மெல்ல மாறும். நாற்பத்தொன்பது. ஐம்பது. படலையில் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. நான் கேட்ட ஒரு மணித்தியாலம் முடிந்திருந்தது.

"ஏறுது தானே சேர். குடுப்பம். மிச்சம் தானாய் ஏறும்" என்றார் ஜெனிற்றா. கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கு நான் எடுத்த முடிவுகளில் மிகவும் கடினமானது இதுதான். டீசலைக் கொடுத்துவிட்டு எண் ஏறும் என்று நம்பலாம். ஏறியதைப் பார்த்துவிட்டு ஏறிய அளவைக் கொடுக்கலாம். இரண்டுக்கும் இடையில் கொஞ்ச நேரம்தான். ஆனால் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது கணக்கு. அவசரத்தில் நான் கணக்கின் பக்கம் நிற்பவன். படலைக்குப் போய் அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம் சொன்னேன்:

"டீசல் வரும் அண்ணை. இப்ப முதல் ரெண்டு வள்ளத்துக்குத் தாறன். மிச்சம் கொஞ்சம் கொஞ்சமா வரும். எல்லாத்தையும் ஒண்டாக் கேளாதேங்கோ. தந்ததை வைச்சு ஆக்களை அனுப்புங்கோ."

அவர், "ஐஸ் கொம்பனி சில்லறையிலை விக்குதோ?" என்றார். பிறகு திரும்பி, "டேய், கானைக் கொண்டு வாங்கோ! எழுவைதீவுக்கு வடக்காலை போறவை முதல்! மற்றவை வள்ளத்தைத் தள்ளி வையுங்கோ!" என்று கத்தினார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. எங்களுக்கு எண் ஏற ஏற, அவர்களுக்கு வள்ளம் வள்ளமாக எண்ணெய் போனது. ஒரே நேரத்தில் எல்லாம் போயிருந்தால் எல்லோரும் ஒரே பக்கம் போயிருப்பார்கள் என்றும், விட்டு விட்டுப் போனதால் கடலைப் பங்குபோட்டுத் தேட முடிந்தது என்றும் அவர் பிற்பாடு சொன்னார். அது என் கெட்டித்தனம் அல்ல. என் கைக்கு வந்த வேகம் அவ்வளவுதான்.

மத்தியானம் திரும்பும்போது எட்டு வள்ளங்கள் கடலில் இருந்தன. எண் நாற்பத்தெட்டுக்குக் கீழே ஒருமுறையும் போகவில்லை. ஸ்ரெல்லா வீட்டுக்குப் போக மறுத்து, படலையடியில் காவலாளியின் கதிரையில் இருந்தார். ஜெனிற்றா அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆறிப்போன பிறகும் அது அப்படியே இருந்தது. நான் மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரே இயந்திரம் ஓடும்போது அதன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கருவிகள் எல்லாம் இருக்கின்றன, தேவையில்லை என்பீர்கள். நான் நின்றேன்.

பின்னேரம், முறை மாறுவதற்குச் சற்று முன், ஸ்ரெல்லாவின் கைத்தொலைபேசி அடித்தது. ஜெனிற்றா படலைக்கு ஓடினார். நான் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஸ்ரெல்லாவின் குரல், அன்று முழுவதும் உயராத குரல், கட்டடத்தைத் தாண்டிக் கேட்டது.

"எங்கையப்பா போனனீங்கள்? ஊரே டீசல் இல்லாமல் கிடக்கு, நீங்கள் காரைநகர் பாக்கப் போனனீங்களோ? அண்ணைக்கு என்னவாம்? தண்ணி குடிச்சவரோ? கள்ளம் சொல்லாதேங்கோ, அவரிட்டைக் குடுங்கோ போனை!"

அதற்குப் பிறகு அழுகை. அவருடையதா, ஜெனிற்றாவுடையதா, இரண்டு பேருடையதுமா என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியவில்லை.

காரைநகருக்கு வெளியே, வெளிச்சவீட்டுக்கு வடக்கே, எங்கள் டீசலோடு மூன்றாவதாகப் போன வள்ளம் அவர்களைக் கண்டது. இயந்திரத்தின் எரிபொருட் குழாய் வெடித்திருந்தது. மரியதாஸ் மயங்கிக் கிடந்தாராம். மருத்துவமனையில் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டார். அவருடைய பழைய மருத்துவப் பதிவை வைத்தியர் கணினியில் எடுத்துப் பார்த்திருப்பார். அது எங்கே இருந்து வந்தது என்று அந்த வைத்தியருக்குத் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதுதான் எங்கள் தொழிலின் வெற்றி. அன்று அந்த மண்டபத்தில் எந்தக் கணினியும் ஒரு கணமும் நிற்கவில்லை. எந்த மருத்துவமனையிலும் ஒரு திரையும் இருளவில்லை. பவுசர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, திங்கட்கிழமைதான் வந்தது. அதற்குள் மின்சாரம் வந்திருந்தபடியால் இருந்த டீசல் எங்களுக்குப் போதுமாயிருந்தது. இதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. முறை மாறியது. அடுத்த முறைக்கு வந்த சுதன் மண்டபத்துக்குள் போனவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். காலையில் மையத்துக்குள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்னக்கா இது, உள்ளுக்கை வேர்க்குது. ஆர் ஏத்தி விட்டது?" என்று சொல்லிக்கொண்டே குளிரூட்டியின் திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

ஜெனிற்றா கதிரையிலிருந்து எழும்பவில்லை. முகம் இன்னும் வீங்கியிருந்தது.

"கையை எடும் சுதன்" என்றார். "அந்த ஆறு டிகிரிக்குள்ளை ரெண்டு மனிசர் இருக்கினம்."